சராசரி என்ற ஊர்

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதைச் சேரன்மகாதேவியில் யாருக்கும் என்னால் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. கல்வி மனோதத்துவம் என்றால், பைத்தியத்துக்கு வைத்தியமா என்று கேட்பார்கள். இல்லை, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், ஏன் படிக்காமல் போகிறார்கள் என்பதைப் பற்றியது என்றால், 'அதுக்குத்தான் வாத்தியார் இருக்காவளே' என்று பதில் வரும். உத்தியோகத்தின் பிற்பாதியில் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. கல்வியிலிருந்து குழந்தைகளின் ஆரோக்கியத்துக்கு நகர்ந்தேன். அங்கே நானாக ஒரு குழந்தையையும் சோதித்துப் பார்க்கவில்லை. பிறர் செய்த சோதனைகளைத் தேடி எடுத்து, படித்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, மிஞ்சியதைச் சேர்த்து எடைபோட்டுச் சொல்வதே வேலை. 'அப்பம் சொந்தமா நீங்க ஒண்ணும் செய்யலையா அண்ணாச்சி?' என்று தெருக்காரர் ஒருவர் வெள்ளையாகக் கேட்டார். கவிதை எழுதாத விமர்சகனிடம் கேட்கப்படும் அதே கேள்வி. எனவே இந்தப் பக்கங்களில் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பாளையங்கோட்டையைத் தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் அங்கே அவ்வளவு நெருக்கம். கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி வைத்த ஊர். அங்கே 1980களின் தொடக்கத்தில் நான் எம்.எட். படித்தபோது ஆராய்ச்சி என்பதற்கு ஒரே ஒரு அச்சுதான் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் பதற்றத்துக்கும் கணக்குத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு. அடுத்த வருஷம் பதற்றத்தை எடுத்துவிட்டுத் தன்மதிப்பு. அதற்கடுத்த வருஷம் படிக்கும் பழக்கம். ஏழெட்டுப் பள்ளிகளில் முந்நூறு பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுப்பது. ஆண், பெண் என்றும், நகரம், கிராமம் என்றும், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றும் இரண்டிரண்டாகப் பிரிப்பது. ஒவ்வொரு பிரிவுக்கும் 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று ஒரு கருதுகோள் எழுதிக்கொண்டு, கணக்குப் போட்டு அதை ஏற்பது அல்லது தள்ளுவது. பிறகு ரெக்ஸின் அட்டை, பொன்னிற எழுத்து, வாய்மொழித் தேர்வு, டிகிரி.

அந்தக் கணக்கில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. 'வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை' என்பது வேறு, 'வித்தியாசம் இல்லை என்று தெரிகிறது' என்பது வேறு. அரைகுறை வெளிச்சத்தில் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பூனை தென்படவில்லை என்று சொல்வதற்கும், விளக்கைப் போட்டு மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் பூனை இல்லை என்று சொல்வதற்கும் உள்ள தூரம். முந்நூறு பிள்ளைகள் என்பது பல சமயம் அரைகுறை வெளிச்சம்தான். ஒரே மாதிரியான பத்து டிஸர்டேஷன்களைச் சேர்த்துப் பார்த்தால் வெளிச்சம் கூடுமே என்று எங்களுக்குள் யாரும் பேசிக்கொண்டதில்லை. பரோடாவிலிருந்து எம். பி. புச் 1974இல் இந்தியக் கல்வி ஆராய்ச்சிகளைத் திரட்டி ஒரு பெரிய தொகுதி வெளியிட்டிருந்தார். 1979இல் இரண்டாவது வந்தது. அவற்றைப் பயபக்தியுடன் புரட்டினோம். ஆனால் அவை சுருக்கங்களின் வரிசை. யார் என்ன சொன்னார் என்பது அவற்றில் இருந்தது. எல்லோரும் சேர்ந்து என்ன சொல்கிறார்கள் என்பது இல்லை.

சேர்த்துப் பார்க்கும் காரியத்துக்குப் பெயர் வைத்தது என் துறைதான் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைமை உரையில் 1976இல் ஜீன் கிளாஸ் 'மெட்டா அனாலிஸிஸ்' என்ற சொல்லை வைத்தார். அவர் கல்வித் துறையின் புள்ளியியல்காரர்; மனோசிகிச்சை பெற்றுத் தேறியவரும்கூட. அந்தச் சிகிச்சையால் பலன் என்று எதையும் காட்ட முடியவில்லை என ஹான்ஸ் ஐஸென்க் 1952இலிருந்து சொல்லிவந்தது அவரை உறுத்தியது. மேரி லீ ஸ்மித்துடன் சேர்ந்து 375 ஆய்வுகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் விளைவையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றி, 1977இல் பதில் சொன்னார். ஐஸென்க் இதை மகா அசட்டுத்தனம் என்று தலைப்பிலேயே திட்டினார். நல்ல ஆய்வையும் குப்பையையும் ஒன்றாகக் கலந்தால் குப்பைதான் வரும் என்பது அவர் கட்சி. சண்டை இலக்கியச் சண்டைபோலவே இருக்கும். இதற்கும் வெகு முன்னால், 1904இல், டைபாய்டு தடுப்பூசியால் பலன் உண்டா என்று பார்க்கக் கார்ல் பியர்ஸன் சேர்த்துவைத்த எண்களில் தென்னாப்பிரிக்கச் சண்டையில் இருந்த சிப்பாய்களோடு இந்தியாவிலிருந்த பட்டாளமும் ஒரு வரிசையாக நிற்கிறது.

வைத்தியம் பிற்பாடுதான் இதைக் கையிலெடுத்தது. தங்கள் துறையின் சோதனைகளையெல்லாம் விமர்சனபூர்வமாகத் தொகுத்து, அவ்வப்போது புதுப்பித்து வைக்காதது டாக்டர்களுக்குப் பெரிய இழுக்கு என்று ஆர்ச்சி காக்ரேன் 1979இல் எழுதினார். அவர் பெயரில் 1993இல் ஆக்ஸ்போர்டில் ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. 2005இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அதன் தெற்காசிய மையம் வந்தது. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சந்தா கட்டி, அந்தத் தொகுப்பாய்வுகளை இந்தியாவில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று செய்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பிரௌஸிங் சென்டரில் உட்கார்ந்து நான் படிக்க ஆரம்பித்தது அந்த வருஷத்தில்தான். பிறகு முகம் பார்க்காத சக ஊழியர்களோடு மின்னஞ்சலில் சேர்ந்து வேலை செய்தேன். ஆயிரக்கணக்கான சுருக்கங்களைப் படித்து உள்ளே, வெளியே என்று குறி போடுவது. இன்னொருவர் தனியாகப் போட்ட குறியோடு ஒப்பிடுவது. ஒத்துப்போகாத இடத்தில் வாதிடுவது. பொழுது அப்படிப் போயிற்று.

இந்த வேலையில் கணக்கு கடைசியில்தான் வரும். முதலில் வருவது வரையறை. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்வை உள்ளே இழுத்துக்கொள்ள மனம் எப்போதும் தயாராக இருக்கும். தமிழ் படித்தவனுக்கு இதில் அதிசயம் இல்லை. நாலடி முதல் எட்டடி வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. தொகுத்தவர்களின் ரசனை எப்படியிருந்தாலும், யாரும் எண்ணிச் சரிபார்க்கக்கூடிய ஒரு விதி கூடவே இருந்தது. குறுந்தொகையில் இரண்டு பாட்டுகள் மட்டும் ஒன்பது அடி. விதிக்குப் புறம்பாக அவை எப்படி உள்ளே வந்தன என்பதுதான் என் தொழிலில் ஒருவன் முதலில் கேட்கும் கேள்வி. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறது மரபு. அவர் எழுதிய பாட்டு எது என்று யாரும் கேட்பதில்லை.

வரையறைக்கு அடுத்தது தேடல். அச்சானவற்றை மட்டும் தேடினால் போதாது. பலன் கண்டதாகச் சொல்லும் ஆய்வு அச்சேறுகிறது, பலன் காணாதது மேஜை இழுப்பறையில் தங்கிவிடுகிறது என்று 1979இல் ராபர்ட் ரோஸந்தால் எச்சரித்தார். அச்சானதை மட்டும் சேர்த்தால் உலகில் எல்லா மருந்தும் வேலை செய்வதாகத் தோன்றும். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுக்கு ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்ததும், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நெருப்பில் ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டுக் கலங்கியதும் 'என் சரித்திர'த்தில் இருக்கின்றன. எனக்கு அவ்வளவு பெரிய நஷ்டமில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் எழுதப்பட்ட பழைய டிஸர்டேஷன்களைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு கல்லூரிக்குப் போனேன்; பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் வைக்க இடம் வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். அவர் ரெக்ஸின் அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டாராம். எத்தனையோ வருஷங்களில் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் டிக் அடித்துக் கொடுத்த பதில்கள். அச்சு ஒன்றாகவே இருந்த ஆராய்ச்சிகள் என்று அவற்றைக் கேலி செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அச்சு ஒன்றாக இருந்தால்தான் சேர்ப்பது சுலபம்.

இனி சராசரிக்கு வருகிறேன். இந்தத் தொழிலைப் பற்றி இலக்கியவாதிகளுக்கு உள்ள சந்தேகம் இங்கேதான். தனி மனிதன் கரைந்து ஓர் எண் ஆகிறான் என்பார்கள். சந்தேகம் நியாயமானது, நான் நம்பும் உதாரணம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இலிருந்து பிரம்மாண்டமாகச் சோதித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். பலன் உறுதியாகும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய காரியம். ஏழரை வருஷக் கணக்கு 1979இல் வெளிவந்தபோது, நுரையீரல் காசத்திலிருந்து பாதுகாப்பு எதுவும் காணப்படவில்லை. இது விளக்கைப் போட்டுப் பார்த்துச் சொன்ன 'இல்லை'. தேசமே ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அதைப் பிரசுரித்தார்கள் என்பதை நம் விஞ்ஞானத்தின் கௌரவமான காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன். பிரிட்டனில் அதே ஊசி முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்புத் தந்திருந்தது.

1994இல் கோல்டிட்ஸும் அவருடன் இருந்தவர்களும் பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்தபோது சராசரி ஏறத்தாழ 50 சதவிகிதம் என்று வந்தது. பிரிட்டனிலும் அது உண்மையில்லை, செங்கல்பட்டிலும் உண்மையில்லை. சராசரி என்று ஓர் ஊர் இருக்குமானால், அங்கே யாரும் குடியில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சோதனைகளை வரிசையாக வைத்ததால்தான் இன்னொன்று புலப்பட்டது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஊசியின் பலன் குறைந்துகொண்டே வருகிறது. வெப்பமான மண்ணிலும் நீரிலும் வாழும் அதே குடும்பத்துக் கிருமிகள் உடம்பை முன்பே பழக்கிவிடுவதால் இருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. குழந்தைகளின் மூளைக் காய்ச்சல் வகைக் காசத்தைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு ஊசி இன்றும் போடப்படுகிறது. அது தனிக் கணக்கு. என் தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. செங்கல்பட்டுக்கும் நாலு டிகிரி தெற்கே பிறந்தவன் நான். ஊர் என்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்பதை எனக்கு ஸ்தூலமாகக் காட்டியது, ஊரைக் கரைக்கிறது என்று குற்றம் சாட்டப்படும் இந்தக் கணக்குதான். ஒரே ஒரு பாட்டைப் படித்துத் திணை என்பதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நானூறு பாட்டுகளைச் சேர்த்து வைத்தால் குறிஞ்சியும் நெய்தலும் தாமாகப் பிரிகின்றன.

படிப்பும் ஆரோக்கியமும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: வயிற்றுப் புழு. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும், புழு இருக்கிறதா என்று பார்க்காமலே, மாத்திரை கொடுத்துவிட்டால் அவர்கள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவார்களா, படிப்பில் கவனம் கூடுமா? கென்யாவில் 75 பள்ளிகளில் செய்து பார்த்து, பள்ளிக்கு வராமல் நிற்பது கால் பங்கு குறைந்தது என்று எட்வர்ட் மிகுவேலும் மைக்கேல் கிரேமரும் 2004இல் எழுதினார்கள். பரீட்சை மார்க்கு கூடவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். கிரேமருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் சிறு குழந்தைகளிடம் நடந்த சோதனை 2013இல் அச்சானது. சாவு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. 2015இல் காக்ரேன் தொகுப்பு 45 சோதனைகளைச் சேர்த்து, எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டங்களால் சராசரியாக எடையோ, ரத்தமோ, அறிவுத்திறனோ, பள்ளித் தேர்ச்சியோ கூடுவதாகத் தெரியவில்லை என்றது. அதே 2015 பிப்ரவரியில் நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது.

என் பெரியப்பா மகனின் மனைவி, எனக்கு மதினி, முக்கூடல் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தார். மாத்திரைப் பெட்டி வந்து இறங்கிய சமயத்தில் நான் அங்கே போயிருந்தேன்.

'தம்பி, இதையெல்லாம் படிக்கதுதான உங்க வேல. ஒத்த வார்த்தையில சொல்லுங்க. இதக் குடுத்தா பிள்ளைய நல்லாப் படிக்குமா?'

புழு உள்ள பிள்ளைக்குப் புழு போகும், மாத்திரை ஆபத்தானதல்ல, கொடுங்கள். ஆனால் இதனால் படிப்பு ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம் என்றேன். ஒற்றை வார்த்தையில் அது அடங்காது. மதினி வருகைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் போட்டார். பிள்ளைகள் எப்போது வரவில்லை என்பதற்கு அவரிடம் முழு விளக்கம் இருந்தது. இந்த வாரம் பிசானம் அறுப்பு. அது பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனது. இந்தப் பெண் வெள்ளிக்கிழமை தோறும் வராததற்குக் காரணம், அம்மா சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகும்போது கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் பட்டியல்களில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'வருகை' என்று ஒரே ஒரு தலைப்பு உண்டு.

'கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்காவ, தண்ணி இல்ல. அதுக்கு ஆராய்ச்சி உண்டுமா தம்பி?'

உண்டு. ஒடிசாவில் 100 கிராமங்களில் செய்த சோதனை, 2014இல் வந்தது. திட்டம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவிகிதத்திலிருந்து 63 ஆகக் கூடின; வயிற்றுப்போக்கும் குறையவில்லை, புழுவும் குறையவில்லை. அப்படியே சொன்னேன். மதினி கொஞ்ச நேரம் யோசித்தார்.

'கட்டினாவ சரி. தண்ணி விட்டாவளா? ஆளுவ உள்ள போனாவளா?'

கட்டியவை போதவில்லை, கட்டியவற்றையும் பலர் உபயோகிக்கவில்லை என்பதுதான் அந்தக் கட்டுரையை எழுதியவர்களும் கடைசியில் வந்து சேரும் இடம். மதினி அதைப் படித்தவரில்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறையைத் தினம் பார்ப்பவர். இதைச் சொல்வது படிப்பறிவை மட்டம்தட்டப் படிக்காத ஞானத்தை உயர்த்தும் நம் பழைய பாவனையில் இல்லை. 45 சோதனைகளும் சேர்ந்து சொன்னதை மதினியின் பதிவேட்டிலிருந்து ஒருநாளும் எடுத்திருக்க முடியாது. மாத்திரை கொடுத்த வருஷம் மழையும் அறுப்பும் ஒத்துவந்து பிள்ளைகள் கூடுதலாக வந்திருந்தால், மாத்திரைதான் காரணம் என்று அவரும் எழுதி அனுப்பியிருப்பார். அதே சமயம், ஒரு சோதனை ஏன் தோற்றது என்பதைத் தொகுப்பிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. தொகுப்பு பொய்யான வாக்குறுதியிலிருந்து அவரைக் காப்பாற்றுகிறது. அவர் கேள்வி, அடுத்த சோதனை கண்ணை மூடிக்கொண்டு நடக்காமல் காப்பாற்ற வேண்டும். அந்தக் கேள்வி அங்கே போய்ச் சேர வழியில்லை என்பதே என் குறை.

எதைச் சோதிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் பணம் கொடுப்பவர். மாத்திரைக்குப் பணம் உண்டு, ஊசிக்கு உண்டு. பீடி சுற்றும் வீட்டில், இலையும் தூளும் பரப்பிய திண்ணையில், ஐந்தாம் வகுப்புப் பெண் வீட்டுப்பாடம் எழுத எது உதவும்? மாலையில் ஒரு பால்வாடியா, கூலியில் நாலு காசு கூடுதலா, வெளிச்சமான இன்னோர் அறையா? என் மேஜைக்கு வந்த எந்தப் பட்டியலிலும் இந்தக் கேள்வி இருந்ததில்லை. கேட்கப்படாத கேள்விக்குச் சோதனை இல்லை. சோதனை இல்லாததற்குத் தொகுப்பு இல்லை. தொகுப்பில் இல்லாததற்கு ஆதாரம் இல்லை என்று கூட்டங்களில் சொல்லிவிடுகிறார்கள். ஆதாரம் இல்லை என்பதைப் பலன் இல்லை என்று படிப்பது, எம்.எட். காலத்து அந்தப் பழைய குழப்பம்தான்; இப்போது அது மேலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு என் தொழிலில் ஒரு சிறு பரிகாரம் உண்டு. கேள்வியை எழுதி, வரையறை வகுத்து, எல்லா இடத்திலும் தேடி, சேர்க்கத் தகுந்த சோதனை ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், அந்த வெறுமையையும் முழுத் தொகுப்பாய்வாகவே பிரசுரிப்பார்கள். அட்டவணை காலியாக இருக்கும். சிலருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். எனக்குப் பதிற்றுப்பத்து ஞாபகம் வரும். முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கையில் இருப்பது எட்டுப் பத்துகள்தான். இருந்தும் நூலுக்கு எட்டுப்பத்து என்று யாரும் பெயர் மாற்றவில்லை.